செக்ரோலைப் பார்த்து அழித்த போல்டர்

அந்தப் புதன்கிழமை காலை பாடசாலை லேப்பில், மற்றப் பிள்ளைகளை விட்டால், இருந்தவர்கள் இவர்கள்.

பாடசாலை அதிபர் ஐயா. மேசை ஓரமாக நின்றார். உட்காரவில்லை.

பர்ஹானா டீச்சர். மாவனெல்லையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். கணினிப் பாடம் அவருடையது.

தர்ஷினி. பதினோராம் ஆண்டு. நான்காம் நம்பர் மெசினுக்கு முன்னால் இருந்தாள்.

அவளுடைய அம்மா மல்லிகா. வாசலில். செருப்பைக் கழற்றியிருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை.

வரக்காப்பொல நானா. நேரில் இல்லை, போனில்.

நான்.

ஆறு பேர். அழித்தது நான். மற்ற ஐந்து பேருக்கும் அதில் பங்கில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மீதியைச் சொல்லலாம்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். தோட்டப் பாடசாலைகளுக்குப் போய், பழைய கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் போட்டு, பிள்ளைகள் கையில் ஓடவிட்டு, பழுது வந்தால் பார்க்கிற வேலை. எப்படிப் போடுவது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எட்டாம் ஆண்டோடு நின்றவன். ரப்பர் பெக்டரியில் ரோலர் மெசின் ஓட்டினேன். அதில் கை நெரிந்து இரண்டு விரல் மடங்காமல் போன பிறகுதான் பாடசாலை லேப்பைப் பார்க்கிற வேலை கிடைத்தது. ஆகவே போடுவதைப் பற்றி எழுத மாட்டேன். எடுப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலை கரவனெல்லைக்கு மேலே, ரப்பர் மலையில் இருக்கிறது. கொழும்பில் ஓர் ஆபீசில் கழித்த பன்னிரண்டு கணினிகள் வந்தன. கம்பெனிகள் காசுக்கு விற்கிற பூட்டிய மென்பொருள் எதுவும் அவற்றில் ஓடாது, அவ்வளவு கிழடு. வரக்காப்பொலயில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் நானாவிடம் கொண்டுபோனேன். அவர்தான் இந்த வழியைக் காட்டினார். திரையில் எல்லாம் தமிழ். எழுத, கணக்குப் போட, படம் வரைய எல்லாம் உண்டு. யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார். "டவுன் ஸ்கூல் புள்ளைகளுக்குப் போடுறத எங்க புள்ளைகளுக்கும் போடுங்களேன். சும்மா குடுக்கிறதுன்னா அது கழிச்சதுதானே?" அவர் கேட்டதில் பிழையில்லை. எங்களுக்குச் சும்மா வந்த எல்லாமே அப்படித்தான் வந்திருக்கிறது. அவருடைய மகளைக் கூப்பிட்டு, அவள் தமிழில் அடித்த கடிதத்தைத் திரையில் காட்டச் சொன்னேன். வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

மூலையில் இருந்த ஒரு மெசின் மட்டும் கொஞ்சம் பலமானது. அதைப் பெரிய மெசின் என்போம். எல்லாப் பிள்ளைகளின் வேலையும் அதில்தான் சேரும். மற்ற பதினொன்றும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். எந்த மெசினில் உட்கார்ந்தாலும் அந்தப் பிள்ளையின் போல்டர் அந்தப் பிள்ளைக்கு வரும்.

"ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு காம்பரா கட்டிக் குடு ராசு" என்றார் நானா. "எல்லாரையும் ஒண்டாப் படுக்கப் போட்டா யார்ட சாமான் யார்டயெண்டு தெரியாது."

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறை இருப்பது போல, கணினிக்குள் கட்டிக் கொடுத்தேன். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

பெயரை வைத்துக் கட்டினால் குழப்பம். ஒரே வகுப்பில் மூன்று தர்ஷினி. நான் செக்ரோல் நம்பரை எடுத்தேன். செக்ரோல் என்பது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களின் புத்தகம். ஆளுக்கு ஒரு நம்பர். காலையில் பெரட்டில், ஆள் கூட்டுமிடத்தில், அந்த நம்பரைச் சொல்லித்தான் வேலைக்கு அனுப்புவார்கள். பகலில் மடுவத்தில் ரப்பர் பாலை நிறுக்கும்போதும் அந்த நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். தாய்க்குச் சோறு கொண்டுபோகிற பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே வளரும். தன் பிறந்த திகதி தெரியாத பிள்ளைக்கும் அம்மாவின் நம்பர் தெரியும்.

செக்ரோலை எழுதுகிற கணக்கப்பிள்ளையிடம் பட்டியல் கேட்டேன். தந்தார். அம்மாவின் நம்பரே பிள்ளையின் நம்பர். பாஸ்வர்டும் அதுவே.

முதல் நாள் ஐந்து நிமிடத்தில் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போய்விட்டார்கள்.

"என்ன ராசு, மந்திரமா?" என்றார் அதிபர்.

"நான் முன்ன படிப்பிச்ச ஸ்கூல்ல கிழமைக்கு நாலு புள்ள பாஸ்வர்ட் மறந்துட்டேன்டு வந்து நிக்கும்" என்றார் பர்ஹானா டீச்சர். "நல்ல மூளை அண்ணன் ஒங்களுக்கு."

எனக்குப் பெருமை. பெருமைப்பட்ட வேலையைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தோன்றாது. உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். அதைத்தான் முதலில் பாருங்கள்.

ஒவ்வொரு தவணையும் கணக்கப்பிள்ளை புதுப் பட்டியல் தருவார். "பேர் வெட்டினவங்களுக்குச் செவப்புல கோடு போட்டிருக்கேன் ராசு" என்பார். பேர் வெட்டினால் அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விடும். கொழும்புக்கு, அல்லது வேறு தோட்டத்துக்கு. பிள்ளையும் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போகும். பெரிய மெசினில் இடம் குறைவு. ஆகவே கோடு போட்ட நம்பரை நான் அழிப்பேன். போல்டரோடு அழிப்பேன். மூன்று தவணை அப்படிச் செய்தேன். ஒரு பிரச்சினையும் வரவில்லை.

நான்காம் தவணைப் பட்டியலில் 274க்குக் கோடு இருந்தது. அது மல்லிகாவின் நம்பர்.

மல்லிகாவை எனக்குத் தெரியும். பால் வாளியோடு சறுக்கி விழுந்ததும், முதுகு அடிபட்டதும் தெரியும். கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாள் கணக்கில் வேலைக்கு வரவில்லை என்று பேர் வெட்டியதும் தெரியும். குடும்பம் எங்கும் போகவில்லை, அதே லயத்தில்தான் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். தர்ஷினி தினமும் என் கண் முன்னால்தான் நடந்தாள்.

எல்லாம் தெரிந்த நான் அந்தத் திங்கட்கிழமை பட்டியலைக் கையில் பிடித்தபோது நம்பரைத்தான் பார்த்தேன். மல்லிகாவைப் பார்க்கவில்லை. ஒரு வரி அடித்தேன். போய்விட்டது. தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

அந்தப் போல்டரில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும்.

அவர்களுடைய லயத்துக்குப் பின்னால் மலை. லயத்தின் பின்சுவரில் ஒரு வெடிப்பு, சுவரிலிருந்து இறங்கி மண்ணுக்குள் போகிறது. அரநாயக்கவில் மலை இறங்கிய பிறகு எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. மலையைப் பார்ப்பார்கள். மண்சரிவு பார்க்கும் ஆபீசர் ஒருவர் முன்பு ஒரு தடவை வந்தார். "இது பழையதா, புதிதா? கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா?" என்று கேட்டார். தோட்டத்துக்காரர்கள் பழையது என்றார்கள். லயத்து ஆட்கள் கூடுகிறது என்றார்கள். எவ்வளவு என்று கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கூடுகிறது என்று காட்டினால் குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்ற எழுதுவேன், மறுபடி வருவேன் என்று சொல்லிப் போனார்.

அந்தச் சனிக்கிழமை தர்ஷினி வெடிப்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்தாள். இரண்டு ஆணிக்கும் இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து சுவரிலேயே பென்சிலால் எழுதினாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அளந்தாள். புதன்கிழமை லேப் பாடத்தில் அதைக் கணினியில் அடிப்பாள். டீச்சர் வரைபடம் போடச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு கிழமையும் திகதி போட்டுப் புதிதாகச் சேமிக்கவும் சொல்லிக் கொடுத்தார். இருபத்தேழு சனிக்கிழமை அளந்திருந்தாள். கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.

ஆபீசர் வியாழக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. ஆகவே செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெடிப்பைச் சீமெந்தால் பூசினார்கள். கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய ஆள் வந்தால் சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்து வழக்கம். ஆனால் பென்சிலில் எழுதியது எல்லாம் உள்ளே போய்விட்டது.

மல்லிகாவும் தர்ஷினியும் அழவில்லை. லேப்பில் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டார்கள். மறுநாள் அச்சடித்து வாங்கிப்போக இரண்டு பேரும் வந்தார்கள்.

"லேப் மாமா, என் நம்பர எடுக்க மாட்டேங்குது" என்றாள் தர்ஷினி.

"திரும்ப அடி."

"மூணு தரம் அடிச்சிட்டேன்."

பெரிய மெசினில் போய்ப் பார்த்தேன். 273 இருந்தது. 275 இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரோலரில் கை போனபோதும் இப்படித்தான். வலி பிறகுதான் வரும். முதலில் விளங்கும்.

"என்ன மாமா?"

"அழிச்சிட்டேன்."

பர்ஹானா டீச்சர் எழும்பி வந்தார். "அழிச்சீங்களா? என்னத்துக்கு?"

"லிஸ்ட்ல கோடு போட்டிருந்திச்சு."

சத்தம் கேட்டு அதிபர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "லிஸ்டா? புள்ள இந்தா ஒக்காந்திருக்கே ராசு!" என்றார்.

வாசலில் இருந்து மல்லிகா கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை.

"இங்கயும் வெட்டிட்டீங்களா அண்ணே?"

இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த ஏச்சு எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். மல்லிகா கேட்டது ஏச்சே இல்லை. அதை மறக்கவில்லை.

இனி நடந்ததைக் கவனமாக வாசியுங்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் இருந்தது.

"புதுசா ஒன்னு போட்டுக் குடு. அவ திரும்ப அடிக்கட்டும்" என்றார் அதிபர்.

"இல்ல சேர், மெசின ஒருக்கா ஓப் பண்ணி ஓன் பண்ணிப் பாப்போம்" என்றார் டீச்சர். "சில நேரம் வரும்."

இரண்டு பேரும் நல்லதற்குத்தான் சொன்னார்கள். என் கையும் விசைப்பலகையில் இருந்தது. பிழை செய்தவன் கை சும்மா இருக்காது. உடனே எதையாவது செய்து சரிக்கட்டப் பார்க்கும். மடங்காத இரண்டு விரலையும் தூக்கிக்கொண்டேன். நானாவுக்குப் போன் எடுத்தேன். சொன்னேன்.

"மெசின் இப்ப ஓடுதா?" என்றார்.

"ஓடுது நானா."

"புள்ளைகள் வேல செய்றாங்களா?"

"ஒம்பது பேர் செய்றாங்க."

"எழுப்பி வெளிய அனுப்பு. கரண்டப் புடுங்கு. முறைப்படி நிப்பாட்டவும் வாணாம். புடுங்கு."

புடுங்கினேன். பன்னிரண்டு திரையும் கறுத்தது. பிள்ளைகள் "ஐயோ" என்றார்கள். சேமிக்காத வேலை எல்லாம் போயிருக்கும். அந்த ஒன்பது பேரிடமும் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

"இப்பக் கேளு" என்றார் நானா. "நீ அழிச்சது போகல்ல. லயத்துல ஆள் போன காம்பரா மாதிரி. கதவுல காலியெண்டு எழுதி ஈக்கி, அவ்வளவுதான். புது ஆள் வந்து குடியேறும் வரைக்கும் பழைய ஆள்ட சாமான் உள்ளதான் கிடக்கும். எப்ப அழிச்ச?"

"திங்கக்கெழம."

"ரெண்டு நாளாப் புள்ளைகள் எழுதிக்கிறாங்களே" என்றார். "சரி, கழட்டிக்கொண்டு வா."

பெரிய மெசினின் டிஸ்கைக் கழற்றினேன். துவாயில் சுற்றிச் சோற்றுப் பையில் வைத்தேன். ருவன்வெல்ல வழியாக வரக்காப்பொல பஸ். முழு வழியும் மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா பழம் என்று நினைத்து, என்ன விலை என்று கேட்டார்.

நானா கடையைத் திறந்து வைத்துக்கொண்டே வருகிறவர்களிடம் "இண்டைக்குக் கடை மூடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன் சார்ஜர் வாங்க வந்த ஓர் ஆள், "தொறந்துதானே ஈக்கி?" என்று கேட்டார். "காத்துக்குத் தொறந்தது" என்றார் நானா.

அழிந்ததை மீட்கிற மென்பொருளும் கட்டற்றதுதான். சாவி கேட்கவில்லை. இத்தனை நாளுக்குள் காசு கட்டு என்றும் சொல்லவில்லை. அது டிஸ்கை ஓர் ஓரத்திலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டு போனது. நாங்கள் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"ஏசுங்க நானா" என்றேன்.

"ஏசினா பைல் வருமா?"

தேத்தண்ணி வந்தது. குடித்தோம். பிறகு அவராகச் சொன்னார்.

"இதப் போட்ட நாள் உனக்கு நான் ஒண்டு சொன்னன். இதுல எங்களுக்கு மேல ஒரு கம்பெனி இல்ல, எல்லாச் சாவியும் எங்கட கையிலயெண்டு. நீ சிரிச்ச. நான் அதச் சந்தோசத்துக்கு மட்டும் சொல்லல்ல."

அதை நான் இன்னும் நினைக்கிறேன். பூட்டிய மென்பொருள் என்றால், ஏதாவது போனால் குற்றம் சொல்ல யாராவது இருப்பார்கள். எங்கள் மென்பொருளில் இல்லை. எல்லாவற்றையும் திறக்கிற சாவி எல்லாவற்றையும் அழிக்கவும் செய்யும். அழிக்கட்டுமா என்று மெசின் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது என்னை நம்பியது. பயம் எனக்குத்தான் இருந்திருக்க வேண்டும்.

மூவாயிரத்துக்கு மேல் பைல் வந்தது. ஒன்றுக்கும் பெயர் இல்லை. வெறும் நம்பர். மூன்று தவணையாக நான் அழித்த எல்லாப் பிள்ளைகளின் வேலையும் கலந்து கிடந்தது.

"பைல் வரும். பேர் வராது" என்றார் நானா. "தொறந்து பாத்துத்தான் தேடணும்." வேறொரு டிஸ்கில் பதிந்து கொடுத்தார். கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ் கிடைத்தது.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு லேப்பைத் திறந்தோம். ஆபீசர் பதினொரு மணிக்கு. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு மெசினுக்கு இரண்டு பேராக உட்காரவைத்தார் டீச்சர். ஆளுக்கு ஒரு பங்கு பிரித்துக் கொடுத்தோம். திற, பார், மூடு. வேறு ஒன்றும் இல்லை.

"டீச்சர், இதுல ஒரு லெட்டர் இருக்கு. 'அன்பே'ன்னு தொடங்குது."

"மூடு!"

"யாருக்குன்னு மட்டும் பாக்கவா டீச்சர்?"

"மூடுன்டு சொன்னேன். அடுத்தது."

"சிங்களத்துலயும் எழுதியிருக்கான் டீச்சர், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது போல."

அதிபரே சிரித்தார். தர்ஷினி சிரிக்கவில்லை. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு மூன்றாம் மெசினில் இருந்த பிள்ளை கையைத் தூக்கியது. ஆணி, சனிக்கிழமை, மில்லிமீட்டர். தர்ஷினியின் அட்டவணை. ஆனால் கடைசியாகச் சேமித்தது இல்லை. முந்தியது. மிச்சத்தையும் தேடினோம். அதற்குப் பிந்தியது ஒன்றும் இல்லை. மற்றப் பிள்ளைகள் அந்த இரண்டு நாளில் செய்த வேலை மேலே ஏறிவிட்டது. கிடைத்தது இருபத்தொரு சனிக்கிழமை. ஒன்பது மில்லிமீட்டரில் தொடங்கி இருபத்துநான்கில் நின்றது. ஆறு சனிக்கிழமை இல்லை.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் தர்ஷினி. "கடைசி முப்பத்தொன்னு. அதுக்கு முந்தி முப்பது. அதுக்கு முந்தி இருபத்தொம்பது. எல்லாமே ஞாபகம் இருக்கு."

"அப்ப அடிச்சிரு புள்ள" என்றார் அதிபர். "மணி பத்தாகுது."

"அடிக்க வேணாம்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பொய் இல்ல மாமா!"

"பொய்யின்னு சொல்லல. அளந்து எழுதினது வேற, நெனப்புல இருக்கிறது வேற."

"ராசு" என்றார் அதிபர், "அழிச்சதும் நீ. இப்ப அடிக்க வேணாம்ங்கிறதும் நீ."

சரியாகத்தான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லும் தகுதி அந்த அறையில் மற்ற எல்லாருக்கும் இருந்தது, எனக்கு இல்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. அந்த ஆறை இருபத்தொன்றோடு கலந்துவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்று ஆபீசர் கேட்டால், இருபத்தொன்றும் சேர்ந்து விழுந்துவிடும். அந்த இருபத்தொன்றும் அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் மழையில் நின்று அளந்தது.

"அடிக்கட்டும்" என்றேன். "பக்கத்து வரிசையில அடிக்கட்டும். மேல 'ஞாபகத்திலிருந்து'ன்னு தலைப்புப் போடட்டும். ஏன் இல்லாமப் போச்சுன்னு கீழ எழுதட்டும்."

"என்னன்னு எழுத?" என்றாள்.

"லேப் பாக்கிறவர் பிழையா அழிச்சிட்டார்ன்னு எழுது."

"அப்படிப் போட்டா அவங்க நம்ப மாட்டாங்க."

"நம்பாட்டியும் இருபத்தொன்னு இருக்கும்."

அடித்தாள். விசை ஒவ்வொன்றும் ஆணி அடிப்பது போல் கேட்டது. டீச்சர் அச்சடித்தார்.

பிறகு நான் மாற்றியவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் போதனை மாதிரி இருக்கும். பிள்ளைக்கு நம்பர் கொடுப்பதானால் பாடசாலையில் சேரும்போது கொடுக்கிற சேர்விலக்கத்தைக் கொடுங்கள். அது அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொந்தம், அதை வேறு யாரும் வெட்ட முடியாது. எதையும் அழிக்காதீர்கள். பூட்டி வையுங்கள், ஒரு வருஷம் இருக்கட்டும். இடம் இல்லை என்றால் வேறு டிஸ்க் தேடுங்கள். பெரிய மெசினுக்கு ஒரு நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஒரு பெயரை எடுக்க வேண்டி வந்தால் முதலில் எழும்பி வகுப்புக்குப் போங்கள். அந்தப் பிள்ளையின் கதிரையைப் பாருங்கள். இரண்டு நிமிட நடை. நான் நடக்கவில்லை.

ஆபீசர் வந்தார். கேகாலைப் பக்கத்துச் சிங்களவர், அதிகம் பேசாத மனுஷர். கணக்கப்பிள்ளையும் கூட வந்தார். கடதாசியை ஆபீசர் நின்றபடியே வாசித்தார். இதைச் செய்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார். டீச்சர் தர்ஷினியைக் காட்டினார். பக்கத்து வரிசை ஏன் என்று கேட்டார். அவள் சிங்களத்திலேயே சொன்னாள். கீழே தமிழில் எழுதியிருந்ததை வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். அவள் வாசித்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"ஹரி" என்றார், சரி என்று. "சுவரைப் பார்ப்போம்."

லயத்துக்குப் பின்னால் போனோம். சுண்ணாம்பு இன்னும் முழுதாகக் காயவில்லை. தர்ஷினி இடத்தைக் காட்டினாள். ஆபீசர் சுத்தியலால் சீமெந்தைத் தட்டினார். இரண்டு ஆணியும் உள்ளே அப்படியே இருந்தன. அவர் தன் அளவுகோலை வைத்தார். முப்பத்திரண்டு.

தர்ஷினியின் கடைசி ஞாபகம் முப்பத்தொன்று. அவர் கடதாசியை இன்னொரு தடவை பார்த்தார். பக்கத்து வரிசைக்கு நேரே சின்னதாக ஒரு சரி போட்டார்.

இந்த மழைக்கு முன்னால் லயம் காலியாக வேண்டும் என்றார். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பழைய பிள்ளைக் காம்பராவும், அதற்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த வீடுகளும் போதும் என்றார். குடும்பப் பட்டியல் கேட்டார். கணக்கப்பிள்ளை தயாராக வைத்திருந்தார். கொடுத்தார். ஆபீசர் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டுக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ "ஆமா" என்றார்கள். பத்துப் பெயர். கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

மல்லிகா கடைசிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். தன் பெயர் வராதது அவருக்கு ஆச்சரியமாக இல்லை. தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள். அளவெடுத்த பிள்ளையின் குடும்பம் மட்டும் அந்தச் சுவருக்குக் கீழே தங்கப்போகிறது.

கணக்கப்பிள்ளை கெட்ட மனுஷர் இல்லை. அவர் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடதாசி என்னவென்று எனக்குத் தெரியும். செக்ரோலிலிருந்து எடுத்தது, திங்கட்கிழமை என் கையில் இருந்ததும் அதுதான்.

"மாத்தயா" என்றேன். "லிஸ்டை வைங்க. கதவை எண்ணுங்க."

"ராசு, இது லேப் விசயம் இல்ல" என்றார் கணக்கப்பிள்ளை, மெதுவாக.

"தெரியும். திங்கக்கெழமதான் நான் இதே லிஸ்டால ஒரு புள்ளைய இல்லாமச் செஞ்சேன். ஒங்களுக்கும் வேணாம்."

ஆபீசர் பேனாவை மூடிவிட்டு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். முதல் காம்பராவிலிருந்து தொடங்கினார். உள்ளே எட்டிப் பார்ப்பார், அடுப்பு இருக்கிறதா, பாய் இருக்கிறதா என்று. இருந்தால் விரல் மடிப்பார். இரண்டு காம்பரா காலி. அவற்றை விட்டார். ஒன்று பூட்டியிருந்தது, வேலைக்குப் போனவர்கள். அதை எண்ணினார். கடைசிக் கதவில் மல்லிகா விலகி வழிவிட்டார். உள்ளே அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

ஆபீசர் கடதாசியைச் சுவரில் வைத்து, பத்தை வெட்டினார். கீழே மல்லிகாவின் பெயரைக் கேட்டு எழுதினார். மேலே தொகையைத் திருத்தினார்.

பதினொன்று.